கழியில் கட்டிய லுங்கித் துணி

அண்ணன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. காலையில் ஏரியிலிருந்து வந்தவன், பச்சைக் கட்டம் போட்ட ஒரு துணித்துண்டை என் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் வைத்தான். "இத நீதான கட்ன?" என்றான். ஆமாம், நான்தான். முந்தின நாள் சாயங்காலம் அவனுடைய பழைய லுங்கியைக் கிழித்து, வலை கட்ட ஏரிக்குள் நட்டிருக்கும் சவுக்குக் கழிகளில் எதிலெல்லாம் சிலந்தி இருந்ததோ அதிலெல்லாம் அடையாளத்துக்கு ஒரு துண்டு கட்டியிருந்தேன்.

"பாடு போச்சுடி," என்றான். அவன் குரல் இறங்கிப்போய் இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்த இடம், எந்த நாள், எந்தக் குடும்பம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். நைனா போன பிறகு எங்கள் வீட்டுப் பங்கு அண்ணன் பேருக்கு வந்தது. எங்கள் கரையில் முறை வந்தவர் முதல் நாளே தன் லுங்கியில் ஒரு கிழிசலைக் கழியில் கட்டிவிடுவார். இந்த இடம் எனக்கு என்று அர்த்தம். அடுத்தவர் முறையில் கட்டினால் அது திருட்டு, கட்டியவனுக்கு அந்த வருஷம் முழுக்கப் பாடு கிடையாது. பாடு பேசும் கூட்டத்தில் பெண்களை உட்காரவே விடமாட்டார்கள். பத்தாவது முடித்ததும் நான் ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன். துணி கட்டும் சங்கதியை எனக்கு யார் சொன்னார்கள்? சொல்லாமல் வைத்துக்கொண்டு, இதுகூடத் தெரியாதா என்று கேட்டால் எரிச்சல் வருமா வராதா?

அன்றைக்கு முறை, எங்களுக்கு மாமா முறையாகும் ஒருவருடையது. விடிந்ததும் வலையோடு போனவர், கழிக்குக் கழி அண்ணனின் லுங்கி பறப்பதைப் பார்த்து வலையை இறக்காமலே திரும்பி வந்துவிட்டார். மறுநாள் எங்கள் முறை. மழை முடிந்து இறால் ஏறும் பருவம் வேறு. இந்தப் பருவத்தை விட்டால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம்.

மத்தியானம் வலை காயப்போடும் இடத்தில் ஊர்த்தலைவர் உட்கார்ந்து கூப்பிட்டு அனுப்பினார். அண்ணன் வேண்டாம் என்று கையைப் பிடித்தும் கேட்காமல் நானும் போனேன்.

"நான்தான் கட்னேன் தலைவரே. சிலந்திக்கு."

"சிலந்திக்கு இன்னாத்துக்கும்மா லுங்கி?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிலந்தி நூலின் மரபணுவைப் படிக்கிறேன், பொன்னேரித் தோட்டத்துச் சிலந்தியின் ஒட்டு நூலும் உப்புக்காற்றில் வாழும் ஏரிச் சிலந்தியின் ஒட்டு நூலும் ஒன்றுதானா என்று பார்க்கிறேன் என்றேன். அதற்கும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. "எங்கள டபாய்க்கறியா? அந்த சிலந்தி வலைய காட்டு பாக்கலாம்," என்றார்.

ஒரே படகில் போனோம்: தலைவர், மாமா, அண்ணன், நான். வெயில் சுட்டது. முதல் கழியில் வலை இல்லை. அடுத்ததிலும் இல்லை. எதிலுமே இல்லை. ஒரு கழியின் உச்சியில், வெடிப்புக்குள் பட்டையோடு பட்டையாக ஒடுங்கிக் கிடந்த சிலந்தியைக் காட்டினேன்.

"இந்தப் பூச்சி எங்கூட்டு கூரைலகூட கீது. வலை எங்க?" என்றார் மாமா.

"விடியறப்ப துன்னுடும் மாமா. தன் வலைய தானே துன்னுட்டு, பொழுது சாஞ்சா புதுசா கட்டும்."

சொல்லும்போதே எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. தலைவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார். "அப்டியா? நானும் என் வலைய துன்னுட்டன்னா காய வெக்கற வேல மிச்சம்," என்றார். பிறகு அண்ணனைப் பார்த்தார். "பொழுது சாயற வரிக்கும் இங்கியே இருப்போம். பூச்சி வலை கட்டுச்சுன்னா துணி பூச்சிக்குத்தான். கட்டலன்னா இந்த வருசம் உனுக்கு பாடு இல்லப்பா."

கழிக்குப் பக்கத்தில் படகை நிறுத்திக் காத்திருந்தோம். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. பரீட்சைக்குப் படித்ததெல்லாம் மனசுக்குள் ஓடியது. பட்டுப்புழு வாயால் நூல் விடுகிறது. முன்னங்காலால் நூற்கும் ஒரு பூச்சி இருக்கிறது. சிலந்திக்கு வயிற்றின் அடியில் நூல். ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டதில்லை, தனித்தனியாகவே அவை நூலுக்கு வந்து சேர்ந்தன. சிலந்தியின் பழைய மரபணு ஒன்று நகலாகி, நகல் மாறி, மறுபடி நகலாகி, கோடிக்கணக்கான வருஷத்தில் சட்டத்துக்கு ஒரு நூல், ஒட்டுவதற்கு ஒரு நூல், முட்டையைப் பொதிய ஒரு நூல் என்று பிரிந்திருக்கிறது. அத்தனை வருஷம் பொறுத்த ஜீவன் இன்றைக்கு ஒரு சாயங்காலம் என் மானத்தைக் காப்பாற்றாதா? தெய்வமே, இறங்கி வாயேன் என்று சிலந்தியைக் கும்பிட்டேன்.

பொழுது இறங்கியது. கடல் காற்று கிளம்பியது. அதற்குத்தான் நான் பயந்தேன். காற்று ஓங்கினால் சில நாள் சிலந்தி வலையே கட்டாது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

வெடிப்பிலிருந்து ஒரு கால் வந்தது. பிறகு முழுசாக வெளியே வந்து, கழியின் உச்சியில் நின்று, வயிற்றைத் தூக்கிக் காற்றில் நூலை விட்டது. நூல் பக்கத்துக் கழியைத் தொட்டது, அறுந்தது. அறுந்ததை இழுத்துத் தின்றுவிட்டு மறுபடி விட்டது. அதுவும் நிற்கவில்லை. அண்ணன் தார்ப்பாயை எடுத்துக் காற்றை மறைக்கப் போனான்.

"கை வெக்காத!" என்று மாமா அதட்டினார். "அதுவா கட்டணும்."

அண்ணன் தார்ப்பாயோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை, நைனாவை எடுத்துப்போன அன்றுகூட.

சிலந்தி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. திரும்பி வெடிப்புக்குள் போய்விடும் என்றே நினைத்தேன். காற்று லேசாகத் தணிந்தது. மறுபடி நூலை விட்டது. ஒட்டியது. இழுத்துப் பார்த்து, அதன் மேலேயே நடந்து அடுத்த கழிக்குப் போய், திரும்பி வந்து சட்டம் போட்டது. நடுவிலிருந்து ஆரம் ஆரமாக இழுத்தது. தலைவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். மாமா படகின் ஓரத்தில் தொங்கிக்கொண்டு, "ஏய், ஆடாதீங்கப்பா, படகு ஆடுதுல்ல," என்று எங்களை அதட்டினார். கடைசியில் ஒட்டு நூலைச் சுற்றிச் சுற்றி உள்ளே கொண்டுவந்து, நடுவில் தலைகீழாக உட்கார்ந்தது.

"கண்ணி எப்டி ஒரே அளவா கீது பாரு," என்றார் மாமா. தலைவர் எழுந்து அண்ணனின் தோளைத் தட்டினார். "உன் பாடு உனுக்குத்தான். நாளைக்கு மொதல்ல உன் மாமன் கட்டட்டும், அவனுக்கு இன்னிக்கி போன முறை அது. நாளான்னிக்கி நீ கட்டு." மாமா தலையாட்டினார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, வந்த வேலையைப் பார்க்கலாமென்று பையிலிருந்து, சிலந்தியைப் போட்டு வைக்கும் ஆல்கஹால் குப்பியை எடுத்தேன். நூல் சுரப்பியை அறுத்து எடுத்தால்தான் மரபணுவைப் படிக்க முடியும். மூடியைத் திறந்து சிலந்தியின் பக்கம் கொண்டுபோனபோது அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"இன்னா பண்ற?"

"இதுல போடணும்ண்ணா. இதுக்குத்தான இவ்ளோ பாடும்."

"உட்டுடு."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "நீ கூட கூடையா எறா அள்றியே, அதுக்கு என்னிக்காவது பாவம் பாத்தியா?"

அண்ணன் வலையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எறா எனுக்காக யார்கிட்டயும் சாட்சி சொல்லலியே," என்றான்.

நான் குப்பியை மூடினேன். காலையிலிருந்து அவன் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அது ஒன்றுதான்.