செலின் டீச்சர் பயந்து விசில் ஊதவில்லை

செலின் டீச்சர் அந்தமானில் பயந்துபோய் விசில் ஊதினார் என்று நம் பயணக் குழுவில் இன்றும் சொல்கிறார்கள். அடக்கத்தன்று அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டும் சொன்னார்கள். அது தவறு. தண்ணீரைப் பற்றி நம் எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர் அவர். அன்று நடந்ததை முழுமையாக அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். மற்றவர் நான்.

செய்தி காலை எட்டு மணிக்கு வந்தது. அவர் மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"மிஸ், அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே."

"எப்போது?" என்று கேட்டேன்.

"தெரியல மிஸ். காபி கொண்டு போனேன். எந்திரிக்கல."

நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசியை வைத்துவிட்டு மிச்சத்தையும் நறுக்கி முடித்தேன். கத்தியைக் கழுவித் துடைத்து வைத்தேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் கணவர் இறந்தபோது அழுதவள்தான். இந்த முறை அழுகை வரவில்லை. இதை எழுதும் இந்த நேரம் வரை வரவில்லை.

குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். செலின் எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தார். நான் புவியியல் நடத்தி, பிறகு அங்கேயே தலைமை ஆசிரியை ஆனேன். அவர் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊரில் பிறந்து, திருமணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்தவர். வந்த புதிதில் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல ஒரு குடத்தைக்கூட மிதக்கவிட இடமில்லையே மிஸ்" என்றார். ஓய்வு பெற்ற பிறகு, ஆசிரியர் குடும்பங்கள் சேர்ந்து வருடம் ஒரு முறை சுற்றுலா போகும் இந்தக் குழுவுக்கு அவர்தான் வழிநடத்துநர். மலைக்கும் கோயிலுக்கும் மாதா தலத்துக்கும் போய்க்கொண்டிருந்த நம்மைத் தீவுக்கு அழைத்துப் போனவர் அவர்.

நான் முதலில் மறுத்தேன். எழுபது வயதுக்கு மேல் எனக்குக் கடலில் என்ன வேலை என்றேன். "முப்பது வருசமா பிள்ளைகளுக்குக் கடலைச் சுவத்துல தொங்குற படத்துலதானே காட்டுனீங்க? ஒரு தடவை நேர்ல போய், சொன்னதெல்லாம் சரியான்னு பாத்துட்டு வாங்க" என்றார். அப்படிப் பேசினால் நான் மறுக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

புறப்படுவதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வீட்டு முற்றத்தில் பயிற்சி நடந்தது. கடலில் முகத்தை அமிழ்த்தி, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு மூச்சு விட வேண்டும். அதைப் பழக்குவதற்கு அகலமான பாத்திரம் தேவைப்பட்டது. பேகம்பூரிலிருந்து நூர்ஜஹான் டீச்சர் தங்கள் வீட்டு பிரியாணி தேக்சாவை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார். ஒவ்வொருவராக மண்டியிட்டு அதில் முகத்தை வைத்தோம். "மூக்குன்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்துருங்க" என்று செலின் சொல்லிக்கொண்டே இருந்தார். நூர்ஜஹான் டீச்சர் மூச்சுத் திணறி நிமிர்ந்து, "யா அல்லா, நாப்பது வருசமா இதுல கறியை வேக வச்சேன், இன்னைக்கு என்னைய வேக வைக்கிறியே செலினு!" என்றார். அவருடைய மருமகள் பாத்திமா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கன்னிவாடியில் தோட்டம் வைத்திருக்கும் முத்துவேல், எங்கள் கணக்கு ஆசிரியையின் கணவர், தீவுக்குப் போனதும் லைஃப் ஜாக்கெட் போட மாட்டேன் என்றார். "ஏழு வயசுலருந்து கிணத்துல நீந்துறேன் டீச்சரம்மா. அம்புட்டு ஒசரத்துலருந்து தலைகீழாக் குதிப்பேன். எனக்கு எதுக்கு இந்தச் சட்டை?"

"கிணத்துல எந்தப் பக்கம் நீந்தினாலும் சுவர் வந்துரும் அப்பு. இங்க எந்தச் சுவரைப் பிடிப்பீங்க?" என்று கேட்டார் செலின்.

முத்துவேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டார். பிறகு அவரே தன் பேத்தியின் ஜாக்கெட் வாரைச் சரிபார்த்து இறுக்கினார். நம் ஊர் ஆட்களின் நீச்சலை அவமதிக்காமல், அது எங்கே முடிகிறது என்று மட்டும் சொல்லத் தெரிந்தவர் செலின்.

முதல் நாள் கண்ணாடி அடித்தளம் உள்ள படகில் போனோம். நான் பாடம் நடத்திய பவளப்பாறைகளை முதன்முதலாகப் பார்த்தேன். பெரும்பகுதி பழுப்பும் சாம்பலுமாக இருந்தது. செலின் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "படத்துல உள்ள கலர் இல்லைன்னு அதுக்கு மார்க்கைக் குறைச்சிராதீங்க மிஸ்" என்றார். அடுத்த நாள் அலையாத்திக் காட்டுக்குள் கயாக்கில் போனார்கள். கணவனும் மனைவியும் ஒரே படகில் ஆளுக்கொரு பக்கம் துடுப்புப் போட்டுச் சுற்றிச் சுற்றி வந்ததையும், செலின் கரையிலிருந்து "வீட்டுச் சண்டையை வீட்டுல வச்சுக்கங்க" என்று கத்தியதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

மூன்றாம் நாளுக்கு வருகிறேன்.

தண்ணீரில் இறங்குவதற்கு செலின் ஒரு விதி வைத்திருந்தார். இறங்குகிறவர் செருப்பைக் கரையில் விட வேண்டும். ஏறுகிறவர் மறுநிமிடமே செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். கரையில் கிடக்கும் ஜோடிகளும் தண்ணீரில் தெரியும் தலைகளும் எப்போதும் சமமாக இருக்க வேண்டும். கரையில் ஒருவர் உட்கார்ந்து இதை மட்டுமே பார்க்க வேண்டும். வேறு வேலை எதுவும் அவருக்குக் கிடையாது. அன்று அந்தப் பொறுப்பை என்னிடம் தந்தார். காலை வழிபாட்டில் எண்ணூறு மாணவிகளை நிற்க வைத்துப் பார்த்தவள் நான். பன்னிரண்டு பேர் எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

அலை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வந்தது. செருப்புகள் நனையத் தொடங்கின. அவற்றை எடுத்து மேலே வைத்தேன். வைத்ததோடு விட்டிருக்கலாம். ஜோடி சேர்த்து, இடைவெளி பார்த்து, ஒரே நேர்க்கோட்டில் அடுக்கினேன். முகக்கண்ணாடியைத் துடைக்கக் கரையோரம் வந்த முத்துவேல் ஒரு ஜோடியை மிதித்துக் கலைத்துவிட்டார். "வரிசையைக் கலைக்காதீர்கள்" என்று அதட்டினேன். அவர் திரும்பத் தண்ணீருக்குள் போய்விட்டார். அவருக்குப் பின்னால் கரையேறி வந்த பாத்திமா அதைக் கேட்டிருக்கிறாள். தன் செருப்பைத் தொடவில்லை.

"மிஸ், வெயிலு இம்புட்டு அடிக்குதே. இளநி வாங்கிட்டு வரட்டா?"

குனிந்து வரிசையைச் சரிசெய்தபடி "ம்" என்றேன். அவள் வெறுங்காலோடு மரங்களுக்குப் பின்னால் இருந்த கடைக்குப் போனாள். அவளுடைய மாமியார் அன்று விடுதியிலேயே தங்கிவிட்டார். வேறு யாரும் அவள் போனதைப் பார்க்கவில்லை.

பிறகு எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்று. கையிலிருந்த சிவப்புத் துண்டைத் தூக்கிக் காட்டினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த செலின் திரும்பினார்.

"தலை எத்தனை மிஸ்?"

"பதினொன்று."

"செருப்பு?"

"பன்னிரண்டு."

"யாரும் வெளிய வந்தாங்களா?"

"யாரும் வரவில்லை" என்றேன்.

அந்த "ம்" அப்போது என் நினைவில் இல்லை. இது சாக்கு அல்ல. நினைவில் இருக்க வேண்டியதுதான் என் வேலை.

செலின் விசில் ஊதினார். உடுத்தியிருந்த சுடிதாரோடு பாறைகளின் மேல் ஓடினார். முழங்கால் கிழிந்தது. உள்ளூர் வழிகாட்டிகள் நான்கு பக்கமும் நீந்தினார்கள். எல்லோரையும் கரைக்கு இழுத்துப் பெயர் சொல்லி அழைத்தபோது பாத்திமா இல்லை என்று தெரிந்தது. அவள் கணவன் ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி கடலுக்குள் ஓடினான். செலின் அவன் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்து மணலில் தள்ளினார். அவன் நீச்சல் தெரியாதவன். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. என் கையில் கடிகாரம் இருந்தது. நான் பார்க்கவில்லை.

பாத்திமா இரண்டு கைகளிலும் இளநீரோடு வந்தாள். "மிஸ், வழுக்கையா உள்ளது உங்களுக்கு... ஏன், எல்லாரும் அதுக்குள்ள ஏறிட்டீங்க?" என்றாள்.

சிலர் சிரித்தார்கள். சிலர் திட்டினார்கள். செலின் அவள் பாதங்களைப் பார்த்தார். நேர்க்கோட்டில் இருந்த செருப்புகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

"மிஸ்கிட்ட கேட்டுட்டுத்தானே..." என்று பாத்திமா தொடங்கினாள்.

"மணல் சுடும் தாயி, முதல்ல செருப்பைப் போடு" என்று செலின் அவளை அனுப்பிவிட்டார். பிறகு எல்லோரையும் பார்த்து, "இன்னைக்கும் நாளைக்கும் தண்ணி கிடையாது. போய்க் குளிங்க" என்றார். கிழிந்த காலோடு அவரால் நிற்க முடியவில்லை. கரையில் எண்ணுவதற்கு நம்பக்கூடிய ஆளும் இல்லை. இரண்டாவது காரணத்தை அவர் சொல்லவில்லை.

முத்துவேலுக்குக் கோபம். "இதுக்கா டீச்சரம்மா பிளேன் ஏறி வந்தோம்? பயமா இருந்தா நீங்க ரூம்ல இருங்க. பிள்ளைங்க ஆசையைக் கெடுக்காதீங்க."

"ஆமா அப்பு. பயந்துட்டேன்னே வச்சுக்கங்க" என்றார் செலின்.

இன்று வரை நீங்கள் சொல்லிக்கொண்டிருப்பது அவர் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியத்தைத்தான். அதை அவர் எனக்காகச் சொன்னார்.

ஊர் திரும்பிய பின் ஏழு குடும்பங்கள் சேர்ந்து குழுவின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதின. அடுத்த பயணத்தை வேறு ஒருவர் நடத்த வேண்டும், அவசரத்தில் நிதானம் இழப்பவரிடம் குழந்தைகளை ஒப்படைக்க முடியாது என்று அதில் இருந்தது. மொழியைத் திருத்தித் தரச் சொல்லி முத்துவேல் என்னிடம் கொண்டுவந்தார். திருத்தினேன். நீளமான இரண்டு வாக்கியங்களைச் சுருக்கினேன். சுத்தமாகப் படியெடுத்து முதல் கையெழுத்தையும் போட்டேன். ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. அன்று மறுத்திருந்தால் காரணம் கேட்டிருப்பார்கள். காரணம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

குழு அதன் பிறகு செலினைக் கூப்பிடவில்லை. போன வருடம் எங்கும் போகவும் இல்லை. நடத்த ஆளில்லை.

அவர் ஒரு முறை என் வீட்டுக்கு வந்தார். பழனிக்குப் போய்வந்த யாரோ கொடுத்த பஞ்சாமிர்தத்தில் எனக்கும் ஒரு பங்கு கொண்டுவந்திருந்தார். சற்று நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, "அந்த லெட்டர் நீங்க எழுதினதுதானே மிஸ்? எழுத்து அம்புட்டுச் சுத்தமா இருந்துச்சு" என்றார். கேலியாகத்தான் கேட்டார். முகத்தில் கோபம் இல்லை. "ஆமாம்" என்றேன். காபி வேண்டுமா என்று கேட்டேன். குடித்தார். தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். அவர் வந்தது நான் ஒரு வார்த்தை சொல்வதற்கு இடம் கொடுக்க என்று அப்போதே எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு இருந்த நாட்கள் எல்லாவற்றிலும் அதைச் சொல்லியிருக்கலாம். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.

அடக்கத்தன்று முத்துவேல், "நல்ல மனுசி. அன்னைக்குத்தான் பாவம் பயந்துருச்சு. மத்தபடி ஒரு குறை சொல்ல முடியாது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். செலினின் மகள் தேநீர்த் தட்டோடு அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாத்திமா என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பாதி தெரியும். என் வயதுக்காக இத்தனை நாள் பேசாமல் இருக்கிறாள். அன்றும் நான் வாய் திறக்கவில்லை. அதனால்தான் குழுவின் சுற்றிதழில் எழுதுகிறேன்.

செலினிடமிருந்து என்னிடம் இருப்பது ஒன்றுதான். எல்லோர் முன்னிலும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டது. அதைக் கேட்டு வாங்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. இனி அதை என்னிடம் வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை.

அந்தக் கடிதத்திலிருந்து என் கையெழுத்தை விலக்கிக்கொள்வதாகச் செயலாளரிடம் எழுத்து மூலம் கொடுத்துவிட்டேன். மற்ற ஆறு குடும்பத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் கையெழுத்து அதில் இருக்கட்டுமா, வேண்டாமா? கைபேசியில் கூப்பிய கைகளின் படம் அனுப்ப வேண்டாம். ஒரு தாளில் எழுதி, பெயரும் தேதியும் போட்டு, என் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். இருக்கட்டும் என்பது உங்கள் முடிவானால் அதையும் எழுதுங்கள். எந்தப் பதிலானாலும் செலினின் மகளிடம் அப்படியே கொடுப்பேன்.