யோசெப்பின் வென்ற பட்டிமன்றம்

ஒஸ்லோவில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு சங்கம், எட்டுப் பேர் கூடினால் ஒரு பட்டிமன்றம். அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் உடல்நலக் காப்புறுதி விற்கலாமா என்று பேச்சு அடிபடுவதைச் செய்தியில் கேட்ட நடுவர் பாலேந்திரன், அதை ஒஸ்லோவின் குரோருட் பகுதியில் நம்மவர்கள் கூடும் மண்டபத்துக்கும் இழுத்து வந்தார். "காப்புறுதியை எல்லை தாண்டி விற்க விடலாமா?" என்பது தலைப்பு.

சீட்டுக் குலுக்கியதில் யோசெப்பினுக்கு "விடக்கூடாது" என்ற கட்சி விழுந்தது. அவள் தலையிலா அது விழ வேண்டும்? சிறுவர் பள்ளிச் சமையலறையில் ஓடியாடி வேலை செய்தவள், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதால் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரியில் படுக்கிறாள். நோர்வேயில் அரசே செலவைப் பார்ப்பதால் அதற்குக் கவலையில்லை. ஐரோப்பாவுக்குள் போனாலும் ஒழுங்கு செய்து தருவார்கள். அக்கா மேரின் இருப்பதோ கனடாவில், ரொறன்ரோவில்; அங்கே போவதென்றால் அந்தச் செலவை ஏற்க ஒரு காப்புறுதி நிறுவனம் கிடைக்க வேண்டும். இடுப்பு முறிந்தபின் அவளாலும் விமானம் ஏற முடியாது. அக்காவின் பக்கத்தில் ஒரே கட்டிலில் படுத்துக் கதைக்க வேண்டும். அதைத் தவிர யோசெப்பினுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லை.

"அண்ணை, என்னை மற்றக் கட்சியிலை போடுங்கோ" என்று கேட்டுப் பார்த்தாள்.

"பட்டிமன்றத்திலை கட்சி மாறினால் அது அரசியலாப் போயிடும், தங்கச்சி" என்றார் பாலேந்திரன்.

பட்டிமன்றம் நடந்த அன்று மேரின் ரொறன்ரோவிலிருந்து கைத்தொலைபேசி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசெப்பின் ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"எல்லையைத் திறந்து விட்டால் விக்கிறவன் என்ன செய்வான்? சட்டம் இளகின இடத்திலை கடையைப் போடுவான். சுகமான ஆக்களை மலிவு காட்டி அள்ளிக்கொண்டு போவான். மிஞ்சின வருத்தக்காரருக்கு விலை ஏறும். பயணக் காப்புறுதி விக்கிற ஒருத்தனிட்டை நான் கேட்டனான், கனடாவிலை இரத்தம் சுத்திகரிக்கிற செலவை ஏற்பியளோ எண்டு. அதுவரைக்கும் தேனாக் கதைச்சவன், வருத்தத்தின்ரை பேரைக் கேட்ட உடனை ஃபோனை வைச்சிட்டான். எல்லை திறந்தாலும் என்னை மாதிரி ஆளை ஒரு கடையும் உள்ளை விடாது."

கடைசி வசனம் அவள் ஆயத்தம் பண்ணி வந்ததல்ல. வாயிலிருந்து வந்த பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே உறைத்தது. என்றைக்காவது ஒரு நிறுவனம் தன்னை ஏற்று, கனடாவுக்கு அனுப்பும் என்று இத்தனை காலமும் நம்பியிருந்தாள், பாவம். அந்தக் கதவைத் தானே அடித்துச் சாத்திவிட்டு நின்றாள். மண்டபமே அதிரக் கைதட்டியது.

தீர்ப்பு அவளுடைய கட்சிக்கே. பொன்னாடை போர்த்தினார்கள். அதோடு மண்டபத்துக்கு வெளியே வந்து தொலைபேசியைக் காதில் வைத்தாள்.

"நல்லாக் கதைச்சனி" என்றாள் மேரின். "சபை முழுக்க உன்ரை பக்கம். நான் மட்டும் நீ தோக்க வேணும் எண்டு மாதாவை மன்றாடிக்கொண்டிருந்தனான்."

"நானும்தான், அக்கா."