படுத்த ஆளின் உயரம்

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. கூட வேலை பார்ப்பவன் என் தம்பி. ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் ஒரே கம்பியை நம்பிப் பிழைத்தால் வீட்டில் இருப்பவளுக்கு எப்படி நிம்மதி இருக்கும்?

லிஃப்ட் ஓடும் பொந்துக்குள் கத்திப் பேசினால் எதிரொலியில் ஒன்றும் புரியாது. அதனால் இவர்கள் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். தம்பி லிஃப்டின் தலைமேல் நின்று பொத்தானை அழுத்துவான். இவர் அடியில் உள்ள குழியில் நின்று, பக்கத்து இரும்புத் தண்டில் ஸ்பேனரால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் இறக்கு, இரண்டு என்றால் நிறுத்து. இத்தனை வருஷத்தில் ஒரு பிசகும் வந்ததில்லை என்று இரண்டு பேருக்கும் பெருமை வேறு.

அன்றைக்கு இவர் கையெல்லாம் எண்ணெய். ஸ்பேனர் வழுக்கி, தண்டில் 'டங்' என்று இடித்து விழுந்தது. ஒரு தட்டு. தம்பி இறக்கினான்.

இவர் கத்தினார். மோட்டார் சத்தத்தில் மேலே கேட்கவில்லை. ஸ்பேனர் மூலையில் போய் விழுந்துவிட்டது, முஷ்டியால் தண்டைக் குத்தினார். சதை பட்டால் இரும்பில் என்ன சத்தம் வரும்? நிறுத்தும் சிவப்புப் பொத்தான் எதிர்ச் சுவரில். அதை எட்டுவதற்குள் லிஃப்ட் இறங்கி வழியை மறைத்துவிட்டது. மெதுவாகத்தான் இறங்கியதாம். அந்த மெதுவைத்தான் இவரால் இன்னும் தாங்க முடியவில்லை. குழியில் மல்லாந்து படுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடியில் இருக்கும் பெரிய ஸ்பிரிங்கின் மேல் வந்து உட்கார்ந்து லிஃப்ட் நின்றபோது, இவர் மார்புக்கும் இரும்புக்கும் நடுவே நாலு விரல் இடம் இருந்தது.

முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "மறுபிறவிம்மா, இனிமே சந்தோஷமா இருக்கச் சொல்லு." சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். பயந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியது நான்.

அடுப்படியில் கரண்டி கை தவறி விழுந்தால், கூடத்தில் இவர் தரையோடு தரையாகப் படுத்துவிடுவார். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கிடந்ததைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு பாத்திரங்களைத் துணி விரித்துத்தான் வைத்தேன். தம்பியோ வீட்டுக்குள் வரவே மாட்டான். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நிற்பான்.

"மாமா நாலு வார்த்தை திட்டினாக்கூடப் பரவால்லக்கா. பேசவே மாட்டேங்குறாரு."

"அவர் யார்கிட்டடா பேசுறாரு? சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு."

இனி அந்த வேலையே வேண்டாம் என்று அவரிடம் கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். ஒரு நாள் காலையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தக் குழிய வெட்டினவன் யாரா இருக்கும்?"

"அது இப்ப எதுக்குங்க?"

"நாலு விரல் குறைச்சு வெட்டியிருந்தா அவனுக்கு வேலை மிச்சம். யாரு பாக்கப் போறா? ஒழுங்கா வெட்டிட்டுப் போயிருக்கான். அவனுக்கு நான் எப்படி நன்றி சொல்றது?"

விசாரித்துப் பார்த்தார். அந்தக் கட்டடத்தைக் கட்டிய கம்பெனியே இப்போது இல்லை. வெட்டியவன் எங்கே இருக்கிறானோ, இருக்கிறானோ இல்லையோ.

அது தெரிந்த அன்று சாயங்காலம் கூடத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு, என் தையல் டேப்பை எடுத்து வரச் சொன்னார். செத்தவருக்கு அளவெடுப்பது போல இருந்தது.

"மூச்ச இழுத்துப் பிடிச்சிருக்கேன், இப்ப அள. பயந்தவன் மூச்ச விடமாட்டான்."

அந்த உயரத்துக்குப் பழைய பலகையில் ஒரு பெட்டி அடித்தார். அதைத் தூக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். பழுது பார்க்கப் புதிதாகக் கைக்கு வரும் லிஃப்ட் எதுவானாலும், பெட்டியைக் குழியில் வைத்து லிஃப்டை அதன் மேல் முழுசாக இறக்கிப் பார்ப்பார். பெட்டி நசுங்காமல் வந்தால்தான் ஓட அனுமதி. வைக்கவும் எடுக்கவும் குழிக்குள் இவர்தான் இறங்குவார். மேலே நிற்க என் தம்பியையே கேட்டாராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?"

"என் அளவுக்குப் பயந்தவன் அவன் ஒருத்தன்தானே."

தட்டிப் பேசுவதை அடியோடு விட்டுவிட்டார்கள். இவர் குழியிலிருந்து வெளியே வந்து, மாடி ஏறி, தம்பி எதிரே நின்று தலையாட்டிய பிறகுதான் பொத்தான். கூட வேலை செய்பவர்கள் இரண்டு பேருக்கும் ஆமை என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைக்கட்டும். பகலில் போன் அடித்தால் எனக்கு உயிரே போய்த் திரும்பும்.

போன வாரம் ஒரு நாள் வழக்கமான நேரம் தாண்டியும் ஆளைக் காணோம். இரண்டு பேருமே போனை எடுக்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். கடைசியில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு ஆளுடைய காலடி. தம்பி மட்டும் வந்து நின்றான். கையில் ஒரு சாக்குப்பை. முகம் வெளுத்திருந்தது.

"மாமா எங்கடா?"

அவன் சாக்குப்பையைக் கீழே இறக்கி வைத்தான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"கீழ வண்டி நிறுத்துறாருக்கா."

அவர் மேலே வந்தார். சாக்குப்பையைக் கூடத்தில் கொட்டினார். உடைந்த பலகைகள், வளைந்த ஆணிகள்.

"இது நானு" என்றார்.

"தண்ணி கசியுதுன்னு குழியில சிமெண்டைக் கொட்டி மேடாக்கி வச்சிருக்காங்கக்கா" என்றான் தம்பி. "நான்தான் இறக்கினேன். உடையுற சத்தம் எனக்கு மேல வரைக்கும் கேட்டுச்சு." சொல்லிக்கொண்டே அழுதுவிட்டான்.

"உடைச்சு ஆழமாக்குற வரைக்கும் ஓட விடமாட்டேன்னு சொல்லிட்டேன். கத்துனாங்க. அதான் லேட்டு" என்றார் இவர். "எண்ணெய் போட எவனாச்சும் இறங்கியிருப்பான். அவன் வீட்லயும் ஒருத்தி இப்படி வாசலைப் பாத்துக்கிட்டு நின்னிருப்பா."

நடுப்பலகையைக் கையில் எடுத்தேன். மார்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டாகப் பிளந்திருந்தது. போகாதீங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்த வார்த்தை வரவில்லை.

அலமாரியைத் திறந்து, துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு, நடுத்தட்டுப் பலகையைக் கழற்றினேன். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"படுங்க" என்றேன். "மூச்ச இழுத்துப் பிடிங்க."