உப்புத் தண்ணீர்ப் போத்தல்

மகளின் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. வெறும் தண்ணீரில் முட்டை தாழும், உப்புத் தண்ணீரில் மிதக்கும். ஐந்தாம் வகுப்புக்காரியான அவள் அதைத்தான் செய்து காட்டவேண்டும். வீட்டில் எத்தனையோ தரம் செய்து பார்த்து, முட்டை மேலே வர எவ்வளவு உப்பு போதும் என்று மட்டுமட்டாகக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

உப்பைப் பொட்டலமாகக் கொண்டுபோய் அங்கேயே கரைத்திருக்கலாம். ஆனால் அது போர்க்காலம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ராணுவம் பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கிச் சோதிப்பார்கள். தமிழரின் பையில் வெள்ளைத் தூள் இருந்தால் வெடிமருந்தென்று சந்தேகிக்கக் கேட்கவா வேண்டும்! அதனால் வீட்டிலேயே கரைத்து அவளுடைய தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிவிட்டேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பாலத்தடியில் ஒரு ஆமிக்காரன் போத்தலைத் தட்டி என்னவென்று கேட்டான். தண்ணீர் என்று சிங்களத்தில் சொன்னேன். அப்படியென்றால் பிள்ளை குடித்துக் காட்டட்டும் என்றான். அதுவும் அங்கே வழக்கம்தான். வெள்ளைத் தூளைப் பற்றி யோசித்த எனக்கு அது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

மகள் ஒரு வாய் குடித்தாள். முகம் கோணிப்போயிற்று. ஆமிக்காரனின் முகமும் மாறிற்று. நான் போத்தலைப் பறித்து மடமடவென்று பாதியைக் குடித்தேன். சிரித்துக்கொண்டு நின்றேன். போகச் சொன்னான்.

பஸ்ஸில் ஏறியதும் மகள் அழத் தொடங்கினாள்.

"ஏனம்மா உப்புத் தண்ணி எண்டு சொல்லேல்லை? முட்டையைப் போட்டுக் காட்டியிருப்பன்தானே."

"வாயை மூடு" என்று தொடையில் கிள்ளினேன்.

நான் வேலைபார்க்கும் கந்தோரில் என் சிங்களத்துக்கு நல்ல பெயர். உப்புக்கு என்ன சொல்வது என்று தெரியாதவளா நான்? அந்தப் பொடியனுக்கும் இருபது வயதுக்கு மேல் இராது. முட்டை மிதப்பதை அவனும் வாய்பிளந்து பார்த்திருப்பானோ என்னவோ. சொல்லிப் பார்க்கவே எனக்குத் துணிவு வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் மகள் பாதிப் போத்தலைக் குழாய்த் தண்ணீர் விட்டு நிரப்பினாள். இரண்டு கிளாசிலும் முட்டை அடியிலேயே கிடந்தது. ரீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை அதே இடத்தில் இறக்கினார்கள். போத்தலில் இருந்தது வெறும் தண்ணீர். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மகள் தானாகவே மூடியைத் திறந்து, ஆமிக்காரனைப் பார்த்தபடி மடமடவென்று குடித்தாள். குடித்துவிட்டு என்னைப்போலவே சிரித்தாள்.