ஏரி மண்ணில் ஒரு நீலத் தட்டு

“ஃப்ரிட்ஜுல மண்ணை வெச்சிட்டா மீனை இன்னா உன் தலை மேலயா வெக்கிறது?”

என் வீட்டுக்காரரின் கேள்வி. மீன் வியாபாரி, கேட்க உரிமை உள்ளவர்தான். மீனுக்கு ஐஸ் போதும், பிசைந்த மண் காய்ந்தால் ஒரு வாரப் பாடு போச்சு என்றேன். பீங்கான் வேலையில் ஈரம் இருக்கும்வரைதான் மண் நம் பேச்சைக் கேட்கும். நடுவயதில் கைத்தொழில் வகுப்பில் சேர்ந்து வீட்டில் வசவு வாங்கும் சகோதரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

பழவேற்காட்டில் சனிக்கிழமைதோறும் வகுப்பு. மீஞ்சூரிலிருந்து டீச்சர் வருவார். மாணவிகள் என்னோடு சேர்த்து ஆறு பேர். எங்கள் ஏரிக்கரையைத் தோண்டினால் டச்சுக்காரன் காலத்துப் பீங்கான் சில்லு வரும். எனக்குக் கிடைத்த சில்லில் பாதிப் பூ, அப்படியொரு நீலம். அதே நீலத்தில், கடை மண் வாங்காமல், ஏரி மண்ணிலேயே ஒரு மீன் தட்டு செய்வேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். தட்டு உடைந்தால் என் மானமும் உடையும்.

விரல் படித்த படிப்பு

நான் கான்வென்டில் படித்தவள். சீருடையில் சேறு பட்டால் சிஸ்டர் முட்டி போட வைப்பார். சனிக்கிழமை வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த செல்வியோ ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவள். அவள் கிண்ணத்தின் விளிம்பு முதல் நாளே அப்பளம் போல் வந்தது. என் தட்டு ஒரு பக்கம் இட்லி, ஒரு பக்கம் தோசை. எரிச்சலில் மண்ணைக் குத்தினேன். செல்வி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இறாலுன்னு நெனச்சிக்கோக்கா. அமுக்கினா செத்துடும், வுட்டா ஓடிடும்.”

நீலம் எங்கே?

வகுப்புச் சூளையின் முதல் சூட்டில் தட்டு தப்பியது. அடுத்து கிளேஸ், அதாவது கண்ணாடிப் பூச்சு. மோர் பதத்தில் வெள்ளைப் பூச்சை ஊற்றி, அதன்மேல் கோபால்ட் என்ற கறுப்புச் சாயத்தில் பூவை வரைந்து, அடிப்பக்கம் ஒட்டியதை மட்டும் துடைக்க வேண்டும். விட்டால் தட்டு சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தேன். பூ கறுப்பாக இருந்தது, மற்றதெல்லாம் மாவு வெள்ளை. சூட்டில்தான் நீலம் வரும் என்று டீச்சர் சத்தியம் செய்தார். பார்க்க வந்த வீட்டுக்காரர் தட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“கோலமாவுல வுழுந்த காக்கா மாதிரி கீது.”

சூளை திறந்த காலை

கதவு திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. உள்ளே ஆறும் பூச்சு கிண் கிண் என்று பாடிக்கொண்டிருந்தது. துணி சுற்றித் தட்டை எடுத்தேன். நீலம். சில்லில் பார்த்த அதே நீலம், முழுப் பூவாக, என் கையில். ஒரு கீறல் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களுக்குக்கூடக் காட்டினேன். அன்று நான் யாரையும் திட்டவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“இன்னாத்துக்குக்கா அழுவுற? நல்லாத்தான கீது” என்றாள் செல்வி.

மூன்றாம் நாள்

அலமாரியில் ‘டப்’ என்றது. பூவின் நடுவே நகமளவு பெயர்ந்து விழுந்திருந்தது. பள்ளத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு. மாலைக்குள் நாலு பள்ளம். ஏரி மண்ணில் சிப்பித் துணுக்கு இருக்கும், மூன்று தடவை சலியுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எனக்கேது பொறுமை? ஒரே தடவை, மாவுச் சல்லடையில். அந்தச் சிப்பி சூளையில் வெந்து, ஏரிக் காற்றின் ஈரத்தைக் குடித்து, ஊதி வெடித்துவிட்டது. சிப்பியைச் சுட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கும் ஊரில் பிறந்தவளுக்கு இது தோன்றவில்லை. டீச்சர் போனில் சிரிக்காமல் சொன்னார்.

“நீங்க தட்டு சுடலை மேடம், சுண்ணாம்பு சுட்டிருக்கீங்க.”

என் பொறுமையை எத்தனை சலித்தாலும் ஒரு பிடி தேறாது, ஆனால் மண்ணை இம்முறை ஐந்து தடவை சலித்து வைத்துக்கொண்டு, ‘இன்னும் ஒரே ஒரு சூளை போடலாமா?’ என்று வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறேன். டீச்சரோடு சேர்த்து ஆறு பேரும் பார்த்துவிட்டார்கள், டிக் இரண்டும் நீலம்.