காக்கைக்குத் தட்டிய கரண்டி

எழுபதுகளில் திருச்சியில் பி.எட். படித்தபோது எனக்குப் பிடித்த ஒரே பாடம் கற்றல் உளவியல். மணியடித்து மணியடித்துச் சோறு போட்டால், பிறகு மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று படித்ததும் கை பரபரத்தது. எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டில் நாய் இல்லை, காக்கைகள் இருந்தன. தினமும் கொல்லைச் சுவரில் அம்மா ஒரு பிடி சோறு வைத்து, "கா, கா" என்று கூப்பிட்ட பிறகுதான் எங்களுக்கே சாப்பாடு. வலிய வந்த வாய்ப்பை விடுவேனா?

"இனிமே நான் வைக்கிறேன். நீ கூப்பிடாதம்மா."

"காக்காவுக்கு நீ பாடம் நடத்தப் போறியா? முதல்ல உனக்கு நடத்த ஒரு ஆள் வேணும்."

வெண்கலப் பானையின் விளிம்பில் கரண்டியால் இரண்டு தட்டு, உடனே சோறு. கொஞ்ச நாளிலேயே, தட்டினால் போதும், பக்கத்து வீட்டு முருங்கையிலிருந்து இறங்கிவிட்டன. எனக்குத் தலைகால் தெரியவில்லை. ஆனால் நான் தட்டும்போதெல்லாம் அம்மாவின் தலை சட்டென்று வாசல் பக்கம் திரும்பியது, கை தானாக முந்தானையைச் சரிசெய்தது.

"யாரும்மா வந்திருக்காங்க?"

"ஒருத்தருமில்ல. உன் வேலையப் பாரு."

அடுத்த பாடம் இன்னும் சுவாரசியம். சோறு வைக்காமல் தட்டிக்கொண்டே இருந்தால் பழக்கம் அற்றுப்போகுமாம். சில நாள் சும்மா விட்டுவிட்டு மறுபடி தட்டினால், போனது தானாகவே திரும்புமாம். அதெப்படி என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. கெஞ்சிக் கூத்தாடி அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன்.

"அப்பா திதி வருது. அன்னைக்குக் காக்கா வரல, உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவேன்," என்றாள்.

வெறும் சத்தத்துக்கு வந்து ஏமாந்த காக்கைகள், பிறகு முருங்கையிலிருந்தே கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன. கடைசியில் முருங்கைக்கும் வரவில்லை. தட்டுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அதற்குள் திதி வந்துவிட்டது.

எனக்கு நினைவு தெரியும் முன்பே அப்பா போய்விட்டார். காக்கை எடுத்தால் அவரே சாப்பிட்டதாக அம்மாவுக்கு நம்பிக்கை. அதுவரை அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். படைத்த இலையைச் சுவரில் வைத்துக் கூப்பிட்டாள். ஒன்றும் வரவில்லை. வெயில் ஏறியது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குத் தொண்டை கட்டியது.

"நான் என்ன குறை வெச்சேன்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். பானையையும் கரண்டியையும் எடுத்து வந்தேன்.

"தட்டிப் பாக்கட்டுமாம்மா? கொஞ்ச நாள் விட்டா திரும்ப வரும்னு புக்குல போட்டிருக்கு."

"குடு இப்படி."

அவள் என்னைப் போல் தட்டவில்லை. ஒன்று தட்டினாள். நிறுத்தி, இன்னொன்று தட்டினாள். முருங்கை அசைந்தது. ஒரு காக்கை இறங்கி வந்து, இலையைச் சுற்றி நடந்து, வடையைக் கவ்விக்கொண்டு போனது.

இப்படித் திரும்பி வருவதற்குப் பாடத்தில் ஒரு பெயர் உண்டு. அது என் நாக்கு நுனியில் இருந்தது. அம்மா அழுதுகொண்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

"வாசல்ல நாலு பேரோட பேசிக்கிட்டிருப்பாரு," என்றாள், கண்ணைத் துடைத்தபடி. "பேர் சொல்லியா கூப்பிட முடியும்? சோறு ஆச்சுன்னா இதைத்தான் தட்டுவேன். ஒரு நாளாவது முதல் தட்டுக்கு வந்ததில்ல உங்கப்பா."