நாலாவது ட்ரிப்

"சொல்லுங்க, எங்க போகணும்? எத்தனை பேர்? கிளம்புறது நிச்சயம்தானே?" என்று மூன்று கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, போனைத் தோளில் இடுக்கியபடி பென்சிலால் குறித்துக்கொள்கிறாள் கன்ட்ரோல் அக்கா. ஆள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாயிற்று என்று டிரைவர் மைக்கில் சொன்ன பிறகுதான் அந்த எழுத்தின் மேல் பேனா ஓடும். ஏமாற்றியவர்களுக்கு அழிரப்பர். மேஜையில் ஒரு கம்ப்யூட்டரும் இருக்கிறது. அதன் தலையில் அவளுடைய தண்ணீர் பாட்டில் நிற்கிறது.

கால் டாக்ஸி ஆபீசின் மாடி அறை அது. ஒரு ஜன்னல், ஒரு மைக், பதினோரு வண்டிகள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பள நாளில் முதலாளி மட்டும் கூப்பிடுவார். டிரைவர்களுக்கு அவள் கன்ட்ரோல் அக்காதான். வண்டியை வரச்சொல்லிவிட்டு வேண்டாம் என்பவர்களைக் கண்டால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். "வண்டி என்ன விளையாட்டுச் சாமானா? ஒரு மனுஷன் வெயில்ல நிக்கிறான்ல!" என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். மூன்று தடவை கேன்சல் செய்த நம்பருக்கு இனி வண்டி கிடையாது என்று சுவரில் எழுதி ஒட்டியவளும் அவளே. அந்தப் பட்டியலில் முதலாளியின் மச்சான்கூட இருக்கிறார். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து இப்போது அவளுக்கு நிறைமாதம். லீவு போடச் சொன்னால் கேட்டால்தானே! "வீட்ல இருந்தா வயித்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். இங்கன்னா ஊர்க்கவலையில என் கவலை மறந்துடும்." நாற்காலி பின்னால் போய்விட்டதால் மேஜை எட்டவில்லை, நோட்டு வயிற்றின் மேல் ஏறிவிட்டது. உள்ளே இருப்பவர் உதைக்கும்போது எழுத்து கோணும். அதில் அவளுக்கு ஒரு பெருமை. கோணல் எழுத்தை மட்டும் அவள் திருத்துவதே இல்லை.

ஆனால் கவலை மறந்தால்தானே. மூன்று வாரத்தில் மூன்று தடவை வலி வந்து, மூன்று தடவையும் ஆஸ்பத்திரிக்கு ஓடியாயிற்று. கூட்டிப்போனவர் ஆமை அண்ணன். ஸ்டாண்டிலேயே மூத்த டிரைவர், வேகமானி முள்ளை எழுப்பக்கூட மனசு வராதவர். முதல் தடவை, வயிற்றில் பட்டையைக் கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுவிட்டு நர்ஸ் சொன்னாள்: "குழந்தை ஜம்முனு இருக்கு. இது பிரசவ வலி இல்ல, சூட்டு வலி. தண்ணி குடிங்க, கொஞ்சம் நடங்க, அடங்கிடும்." அடங்கியது. பேக்கரியிலிருந்து கையெல்லாம் மாவோடு ஓடி வந்த புருஷன், அப்படியே திரும்பி அடுப்புக்கு ஓடினான். இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவை அவள் வாசலிலேயே மன்னிப்புக் கேட்டாள்.

"மன்னிப்பு எதுக்கு? முப்பது தடவை வந்தாலும் பாப்பேன். வராம வீட்ல இருந்தாத்தான் திட்டுவேன்," என்றாள் நர்ஸ். "நடந்தும் அடங்கலையா, ஒரே இடைவெளியில வருதா, உடனே கிளம்பிடணும். என்ன?"

தலையாட்டிவிட்டு வந்து, நோட்டில் பேனா ஓட்டாமல் பென்சிலாகவே விட்டிருந்த மூன்றாவது ட்ரிப்பையும் அழித்தாள். அன்று மைக்கில் ஒரு இளவட்டம், "அக்கா, மூணாச்சு! உங்க நம்பரும் லிஸ்ட்ல ஏறிடுச்சு!" என்று கேலி செய்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அது முள்ளாய்த் தைத்துவிட்டது. ஒன்பது வருஷம் காத்திருந்தவளுக்கு எது நிஜ வலி என்றுகூடத் தெரியவில்லையே என்று அழுகை வந்தது. இன்னொரு தடவை வண்டி கேட்கவே கூடாது என்று வைராக்கியம் வேறு. பைத்தியக்கார வைராக்கியம், வேறென்ன சொல்ல!

இன்று காலை, ஆபீஸ் போகிறவர்களின் போன் ஓயாமல் அடிக்கும் நேரத்தில், இடுப்பில் ஒரு பிடி பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள். மைக்கைக் கையில் பிடித்தபடியே மேஜையைச் சுற்றி நடந்தாள். சூட்டு வலிதான், அடங்கிவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அடங்கவில்லை. "நாலாம் நம்பர் வண்டி, ரயிலடிக்கு..." என்று தொடங்கியவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி நின்றாள். பிறகு, "...ரெண்டு பேர், கிளம்புங்க," என்றாள். யாருக்கும் தெரியாது என்றே நினைத்தாள்.

மைக் கரகரத்தது. ஆமை அண்ணன். "ஏம்மா, நானும் கவனிச்சுக்கிட்டேதான் இருக்கேன். மூச்சு விடாமப் பேசுற ஆளு நீ. பாதிப் பேச்சுல நின்னு நின்னு போற. ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை. வண்டிக் கடிகாரத்துல பாத்தேன், நாலு தடவை ஆச்சு."

அவள் கண் நிறைந்துவிட்டது. "அண்ணே, என் நம்பர்தான் லிஸ்ட்ல இருக்கே."

"அட போக்கா! அந்த லிஸ்ட்டக் கிழிச்சுப் போடு!" என்று கத்தியவன் கேலி செய்த அதே இளவட்டம். அவனோடு இன்னும் நாலைந்து குரல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறின.

"அப்போ இதுவும் சூட்டு வலியா இருந்தா?" என்றாள் அவள்.

"இருக்கட்டும், திரும்பக் கொண்டாந்து விடுறேன். அஞ்சாவது தடவையும் வருவேன். எனக்கென்னம்மா, ரோடு தேஞ்சா போயிடும்?" என்றார் ஆமை அண்ணன். "கீழதான் நிக்கிறேன். இன்னைக்குக் கொஞ்சம் வேகமாவே ஓட்டுறேன்."

பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்த முதலாளி ஒரு கையால் மைக்கையும் மறு கையால் அவள் பையையும் எடுத்துக்கொண்டார். அவளுடைய புருஷனுக்குப் போன் போயிற்று. அவன் நேரே ஆஸ்பத்திரிக்கு வருகிறானாம். "கிளம்பும்மா, நோட்டை நான் பாத்துக்கறேன்."

"ஒரு நிமிஷம் சார்."

நாற்காலியைப் பிடித்தபடி குனிந்து, அன்றைய பக்கத்தைத் திருப்பினாள். பழக்கத்தில் பென்சிலுக்குப் போன கை நின்றது. அதை ஓரமாக உருட்டிவிட்டுப் பேனாவை எடுத்தாள். ஆஸ்பத்திரி, போக ஒரு ஆள் என்று எழுதும்போது வலி வந்தது. கண்ணை மூடி, அது போகும்வரை பொறுத்து, மீதியையும் அந்தப் பேனாவாலேயே எழுதி முடித்தாள்: திரும்பி வர, மூன்று பேர்.